1936 ஆகஸ்ட் 15: இரண்டு ஆட்டங்கள், இரண்டு சென்னைக்காரர்கள்

1936 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. பெர்லின் ஒலிம்பிக்கின் ஹாக்கி இறுதி ஆட்டம் முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டியது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போனது. தியான் சந்த் தலைமையில் இந்தியா ஜெர்மனியை 8–1 என்று வென்று, தொடர்ந்து மூன்றாவது முறையாகத் தங்கப் பதக்கம் பெற்றது. அந்த ஒலிம்பிக் முழுவதிலும் இந்தியா அடித்தது 38 கோல், வாங்கியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் இந்த இறுதி ஆட்டத்தில் வாங்கியதுதான்.

அதே சனிக்கிழமை லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. வால்டர் ஹாமண்ட் 217 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அந்தப் பதினொரு பேரில் சென்னையின் கோட்டா ராமசாமி இருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதே இங்கிலாந்தில் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். இன்னொரு சென்னைக்காரர் எம்.ஜே. கோபாலன். 27 வயது, மித வேகப்பந்து வீச்சாளர். சுற்றுப்பயண அணியில் இருந்தார், ஆடும் பதினொருவரில் இல்லை. பெர்லினுக்குப் போகும் ஹாக்கி அணியின் தேர்வுக்கு அழைப்பு வந்தும் அதை விட்டுவிட்டுக் கிரிக்கெட் அணியோடு கப்பல் ஏறியவர் அவர்.

இரண்டு விளையாட்டுகளில் நாட்டுக்காக ஆடியவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். அப்படிப்பட்ட இருவர், ஒரே ஊரிலிருந்து, ஒரே அணியில் இங்கிலாந்து போனார்கள். ஒருவருக்கு அந்தக் கோடை அள்ளிக் கொடுத்தது, மற்றவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியது. சென்னை விளையாட்டு வரலாற்றில் இதைக் கோபாலனின் துரதிர்ஷ்டக் கதையாகச் சொல்வதே வழக்கம். ஆனால் இருவர் வாழ்க்கையையும் சேர்த்துப் படித்தால் அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு சிலவும் கண்ணில் படுகின்றன. யார் சம்பளம் கொடுத்தார்கள், யார் விடுப்பு கொடுத்தார்கள், எந்த ஆட்டம் எந்த மாதத்தில் வந்தது, அணியை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பவை அவை.

கோபாலன் பிறந்தது அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் மொறப்பாக்கம் கிராமத்தில். பதிவில் உள்ள பிறந்த நாள் 1909 ஜூன் 6. குடும்பம் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. சேப்பாக்கம் மைதானத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய பேட்டை அது. பையனின் பந்துவீச்சைக் கவனித்தவர் சி.பி. ஜான்ஸ்டன். கேம்பிரிட்ஜிலும் கென்ட் அணியிலும் ஆடிவிட்டுச் சென்னைக்கு வந்த ஆங்கிலேயர், பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் அதிகாரி. அவர் கோபாலனுக்கு இரண்டு காரியங்கள் செய்து கொடுத்தார். ஒன்று, திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் இடம். இன்னொன்று, பர்மா ஷெல்லில் வேலை.

இரண்டாவது உதவிதான் கோபாலனின் பிற்கால வாழ்க்கை முழுவதையும் தாங்கியது. 1930களில் கிரிக்கெட்டோ ஹாக்கியோ ஆடிச் சோறு தின்ன முடியாது. சமஸ்தான மன்னர்களின் ஆதரவில் சிலர் இருந்தார்கள். மற்றவர்களுக்கு ஓர் உத்தியோகம் வேண்டும், அந்த உத்தியோகம் மாதக்கணக்கில் ஆளை வெளியே விடவும் வேண்டும். கோபாலன் 1935இல் ஹாக்கிக்காகவும் 1936இல் கிரிக்கெட்டுக்காகவும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் பல மாதம் கடல் கடந்து போய்வந்தார். கம்பெனியின் மேசையில் ஆடுகளத்தை அறிந்த ஜான்ஸ்டன் போன்ற ஒருவர் உட்கார்ந்திராவிட்டால் இது நடந்திருக்காது.

சென்னையின் அன்றைய அமைப்பும் இரண்டு ஆட்டக்காரனுக்கு இசைவாக இருந்தது. 1846இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் பெயரில்தான் கிரிக்கெட்; அங்கே ஹாக்கியும் டென்னிஸும் உண்டு. இன்று முருகப்பா தங்கக் கோப்பை என்று அழைக்கப்படும் அகில இந்திய ஹாக்கிப் போட்டி 1901இல் அந்தக் கிளப் தொடங்கியதே. கிரிக்கெட்டில் ஆண்டின் பெரிய நிகழ்ச்சி பொங்கலை ஒட்டி நடந்த பிரசிடென்சி மேட்ச்: ஒரு பக்கம் ஐரோப்பியர், ஒரு பக்கம் இந்தியர். ஒரே ஆட்கள், ஒரே பேட்டைகள், ஒரே பார்வையாளர்கள். இதில் நன்றாக ஓடுகிறவன் அதிலும் இறங்கிப் பார்ப்பது யாருக்கும் வியப்பாக இல்லை.

ஹாக்கியில் கோபாலனின் இடம் சென்டர் ஹாஃப். அக்கால அணியமைப்பில் கோல்கீப்பருக்கு முன் இரண்டு பேக், அவர்களுக்கு முன் மூன்று ஹாஃப், அதற்கு மேல் ஐந்து முன்வரிசை ஆட்டக்காரர்கள். மூன்று ஹாஃபில் நடுவில் நிற்பவனுக்கு ஓய்வே கிடையாது. எதிரணியின் சென்டர் பார்வர்டை மறிக்க வேண்டும். பந்தைப் பிடுங்கியதும் தன் முன்வரிசையில் யார் தனியாக நிற்கிறான் என்று ஒரு பார்வையில் கண்டு அவனுக்குத் தள்ள வேண்டும். தள்ளியதும் பின்னாலேயே ஓடிப்போய்த் திரும்பும் பந்துக்குக் காத்திருக்க வேண்டும். குனிந்த முதுகோடு எழுபது நிமிடம் மைதானத்தின் நடுப்பகுதி முழுவதையும் காக்கும் வேலை. கிரிக்கெட்டில் அவர் செய்ததும் மூச்சுப் பிடிக்கும் வேலைதான்: நிமிர்ந்த உடம்போடு ஓடிவந்து, தோளை உயர்த்தி, சென்னை வெயிலில் ஓவர் மேல் ஓவராக வீசுவது. ஒன்று முதுகையும் மணிக்கட்டையும் கேட்கும், மற்றது தோளையும் முன்னங்காலையும் கேட்கும். பொதுவாக இரண்டும் கேட்டது மூச்சு.

1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டனில் டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கோபாலன் தம் முதல் டெஸ்டை ஆடினார். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ஓட்டங்கள், ஒரு விக்கெட். அடுத்த டெஸ்ட் பிப்ரவரியில் சேப்பாக்கத்திலேயே நடந்தது. சென்னையில் நடந்த முதல் டெஸ்ட் அது. உள்ளூர்க்காரரான கோபாலனுக்கு அதில் இடம் இல்லை. பிறகு எந்த டெஸ்டிலும் அவர் ஆடவில்லை என்பதால் கல்கத்தாவின் அந்த 18 ஓட்டங்களும் ஒரு விக்கெட்டும் அவருடைய டெஸ்ட் கணக்கு முழுவதுமாக நிலைத்துவிட்டன.

ஆனால் அதே ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி அவர் வீசிய ஒரு பந்து கிரிக்கெட் இருக்கும்வரை நினைவில் இருக்கும். அன்றுதான் ரஞ்சிக் கோப்பை தொடங்கியது. சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் ஆட்டம். சென்னையின் தலைவர் ஜான்ஸ்டன் புதுப் பந்தைக் கோபாலன் கையில் கொடுத்தார். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்து அது. மைசூர் 48 ஓட்டங்களில் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மறுபடி இறங்கி 59இல் முடிந்தது. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஏ.ஜி. ராம்சிங் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட் எடுத்தார். காலையில் ஆரம்பித்த ஆட்டம் அன்று மாலைக்குள் முடிந்துபோனது. ஒரே நாளில் முடிந்த ரஞ்சி ஆட்டம் வேறு இல்லை என்றே நெடுங்காலம் பேசப்பட்டது.

ஆறேழு மாதங்களில் அதே மனிதர் கையில் ஹாக்கி மட்டை. 1935இல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது. தலைவர் தியான் சந்த். அவருடைய தம்பி ரூப் சிங்கும் உடன் இருந்தார். தியான் சந்த் தம் தன்வரலாற்றில் தரும் கணக்குப்படி அந்தப் பயணத்தில் 48 ஆட்டங்கள், 584 கோல்கள்; அவர் மட்டும் அடித்தது 201. அடிலெய்டில் டான் பிராட்மேன் அவரைச் சந்தித்தது இந்தப் பயணத்தில்தான். ஹாக்கி வரலாற்றில் இவ்வளவு பலமான முன்வரிசை பிறகு ஒருமுறை அமைந்ததா என்பது சந்தேகம். அதற்குப் பின்னால் நின்று பந்து கொடுக்கும் ஹாஃப் வரிசைக்கான ஆட்களில் ஒருவராகக் கோபாலன் போய்வந்தார். 1934 ஜனவரியில் கிரிக்கெட் டெஸ்ட், நவம்பரில் ரஞ்சியின் முதல் பந்து, 1935இல் தியான் சந்தோடு நியூசிலாந்து. இருபது மாதங்களுக்குள் ஒரு பர்மா ஷெல் ஊழியரின் வாழ்க்கையில் இத்தனை.

1936இல்தான் இரண்டும் மோதின. கிரிக்கெட் அணி ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இங்கிலாந்தில். ஹாக்கி அணி ஜூன் கடைசியில் புறப்பட்டு ஆகஸ்டில் பெர்லினில். இரண்டுக்கும் போக வழியே இல்லை. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். பின்னால் என்ன நடந்தது என்று தெரிந்த நமக்கு இது தவறாகத் தோன்றுகிறது. அந்த ஏப்ரலில் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. ஹாக்கியில் வந்தது தேர்வுக்கான அழைப்பு, கிரிக்கெட்டில் வந்தது உறுதியான இடம். ஹாக்கியில் வட இந்திய, ஆங்கிலோ இந்திய, ராணுவ ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போட்டியில் இருந்தார்கள். கிரிக்கெட்டில் ஒரு முழுச் சுற்றுப்பயணம், முப்பதுக்கு மேற்பட்ட நாட்கள் பந்துவீசும் வாய்ப்பு, மூன்று டெஸ்ட். விவரமறிந்த எந்த நண்பரும் அவருக்குக் கிரிக்கெட்டையே சொல்லியிருப்பார்.

அவர் கணக்கிட முடியாமல் போனது அணியின் உள்விவகாரத்தை. தலைவர் விஜயநகரம் மகாராஜ்குமார். ஆட்டத்தைவிடச் செல்வாக்கால் அந்த இடத்துக்கு வந்தவர், பயணத்தின் நடுவில் சர் பட்டமும் பெற்றவர். முதல் டெஸ்டுக்கு முன்பே லாலா அமர்நாத் ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். சி.கே. நாயுடுவின் ஆதரவாளர்கள் ஒரு பக்கம், தலைவரின் ஆட்கள் ஒரு பக்கம் என்று அணி இரண்டுபட்டது. காலை உணவு மேசையில் எல்லோர் முன்னிலும் நாயுடுவை அவமதித்ததற்குப் பரிசாகவே பாகா ஜிலானிக்கு ஓவல் டெஸ்டில் இடம் கிடைத்தது என்ற செய்தி இன்றுவரை சொல்லப்பட்டு வருகிறது. அது முழு உண்மையோ இல்லையோ, அப்படி ஒரு பேச்சு நம்பும்படியாக இருந்ததே அந்த அணியின் நிலைமையைச் சொல்லும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோபாலனின் இடத்துக்கு எதிரே நின்றவர்கள் முகமது நிசார், அமர் சிங், ஜஹாங்கீர் கான். நிசாரும் அமர் சிங்கும் அக்கால உலகின் முதல்தர வேகப்பந்து இணைகளில் ஒன்று. அணியில் ஒற்றுமை இருந்திருந்தாலும் கோபாலனுக்கு ஒரு டெஸ்ட் கிடைத்திருக்கலாம், மூன்று கிடைத்திருக்காது. பெர்லின் பதக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் அந்தக் கோடை இவ்வளவு கசக்கிறது.

ராமசாமியின் கதை தலைகீழ். அவர் 1896 ஜூன் 16 அன்று சென்னையில் பிறந்தவர். தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று போற்றப்படும் புச்சிபாபு நாயுடுவின் கடைசி மகன். தாய்வழிப் பாட்டனார் குடும்பத்துக்குத் தத்துப் போனதால் கோட்டா என்ற குடும்பப் பெயர் வந்தது. அண்ணன்மார் பாலையாவும் வெங்கடராமானுஜுலுவும் கிரிக்கெட்காரர்கள். வீட்டிலேயே மைதானமும் மட்டையும் பந்தும் இருந்த பிள்ளை அவர். மொறப்பாக்கத்திலிருந்து வந்த கோபாலனுக்கு ஒரு ஜான்ஸ்டன் தேவைப்பட்டார். ராமசாமிக்கு அப்படி யாரும் தேவைப்படவில்லை. இந்த வேற்றுமையை மறைத்துவிட்டு இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியல்ல.

கேம்பிரிட்ஜில் படிக்கப் போன ராமசாமி அங்கே பல்கலைக்கழக டென்னிஸ் அணியில் இடம் பெற்றார். இந்தியா டேவிஸ் கோப்பையில் முதன்முதலாக ஆடியது 1921இல். அடுத்த ஆண்டே ராமசாமி அணியில் இருந்தார், டாக்டர் ஏ.ஹெச். ஃபைஸியோடு இரட்டையர் ஆட்டம் ஆடினார். அதே ஆண்டு விம்பிள்டனிலும் ஆடினார். ஊர் திரும்பியதும் அரசு வேளாண்மைத் துறையில் வேலை. சென்னை அணிக்கு இடக்கை மட்டையாளராக ஆடிக்கொண்டிருந்தார். நாற்பதை நெருங்கும் ஒருவரை டெஸ்ட் ஆட்டக்காரராக யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1936 ஜூலை 25, மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டு. விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் இரண்டாவது இன்னிங்ஸில் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் சேர்த்த டெஸ்ட் என்றே அதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதில் முதல் டெஸ்ட் ஆடிய ராமசாமி எடுத்தது 40, 60. ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. இரண்டு டெஸ்ட், 170 ஓட்டங்கள், சராசரி 56.66. இந்தியாவுக்காக இவ்வளவு வயதில் முதல் டெஸ்ட் ஆடியவர்களில் அவருக்கு மேல் ஒருவரே உண்டு: 1933இல் பம்பாயில் ஆடிய ருஸ்தம்ஜி ஜாம்ஷெட்ஜி.

டென்னிஸ் பழகிய கை கிரிக்கெட் மட்டையில் என்ன செய்யும் என்பதற்கு ராமசாமி நல்ல எடுத்துக்காட்டு. இரட்டையர் டென்னிஸில் வலைக்கு அருகே நிற்பவனுக்குப் பந்தைப் பார்த்துத் தீர்மானிக்கக் கிடைப்பது மிகச் சிறிய நேரம். பந்து மட்டையைத் தொடும் கணத்தில் கண் அங்கேயே நிலைக்க வேண்டும். வயது ஏறும்போது ஓட்டக்காரனின் கால் முதலில் தளரும்; பயிற்சி உள்ள கண்ணும் மணிக்கட்டும் பிந்தித்தான் தளரும். நாற்பது வயதில் இங்கிலாந்தின் ஈர ஆடுகளங்களில் தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். கோபாலனின் இரு ஆட்டங்களும் மூச்சையும் தசையையும் கேட்பவை. இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்துக்குள் செலவழிந்துவிடுபவை. ராமசாமியின் இரு ஆட்டங்களும் பார்வையையும் கையையும் கேட்பவை. இரண்டுக்கும் இடையே பதினான்கு ஆண்டு இடைவெளி விழுந்தும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை.

இந்த இருவரையும் புரிந்துகொள்ள அயர்லாந்தைப் பார்ப்பது உதவும். அங்கே இரண்டு ஆட்டக்காரர் என்பது ஒரு தனி வகை. அதற்கென்றே பெருமையும் வழக்கும் உண்டு. 1884இல் தர்ல்ஸ் என்ற சிற்றூரில் தொடங்கப்பட்ட கேலிக் விளையாட்டுச் சங்கம் கேலிக் கால்பந்தையும் ஹர்லிங்கையும் சேர்த்தே நடத்துகிறது. அணிக்குப் பதினைந்து பேர், எச் வடிவக் கோல் கம்பம், குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. இரண்டு ஆட்டத்துக்கும் மைதானம் ஒன்று, எண்ணும் முறையும் நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தது. ஆனால் ஒன்றில் பெரிய தோல் பந்தைக் கையாலும் காலாலும் ஆட வேண்டும். மற்றதில் ஆஷ் மரத்தில் செதுக்கிய மட்டையால் கைக்கடக்கமான சிறு பந்தை அடிக்க வேண்டும். மேலும் 1971 வரை இச்சங்கத்தின் உறுப்பினர்கள் கிரிக்கெட், ஹாக்கி, ரக்பி போன்ற அயல் ஆட்டங்களை ஆடவே கூடாது என்று விதி இருந்தது. இளைஞனின் ஆர்வம் முழுவதும் இந்த இரண்டு நாட்டு ஆட்டங்களுக்குள்ளேயே சுழன்றது.

கார்க் நகரின் ஜாக் லிஞ்ச் அங்கே பெரிய பெயர். 1941 முதல் 1944 வரை ஹர்லிங், 1945இல் கால்பந்து, 1946இல் மறுபடி ஹர்லிங் என்று தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அகில அயர்லாந்துப் பதக்கம் பெற்றார். பிற்காலத்தில் அயர்லாந்தின் பிரதமரும் ஆனார். அவர் ஹர்லிங் ஆடியது கிளென் ரோவர்ஸ் கிளப்புக்கு. கால்பந்து ஆடியது செயின்ட் நிக்கோலஸ் கிளப்புக்கு. பெயர்தான் இரண்டு, பேட்டை ஒன்று, பையன்களும் பெரும்பாலும் அதே பையன்கள். திருவல்லிக்கேணியையும் சேப்பாக்கத்தையும் அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. 1990இல் கார்க் மாவட்டம் இரண்டு பட்டத்தையும் வென்றபோது, இரண்டு இறுதி ஆட்டத்திலும் களத்தில் நின்று வென்ற ஒரே ஆள் டெடி மெக்கார்த்தி. இரண்டுக்கும் நடுவே இருந்தது இரண்டு வாரம். ஒரே ஆண்டில் அப்படிச் செய்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆடுகளத்தில் சம்பளம் இல்லாத அந்த நாட்டிலும் ஆண்கள் பிரிவில் மாவட்ட அளவில் இரண்டு ஆட்டக்காரர் இன்று அருகிவிட்டார். இரண்டு அணியின் பயிற்சியாளரும் ஒரே ஆளை வாரம் நான்கு நாள் கேட்கிறார்கள். ஒரே வார இறுதியில் இரண்டு ஆட்டமும் வந்து விழுகிறது. பெண்கள் பிரிவில் மரபு இன்னும் தாக்குப்பிடிக்கிறது. கார்க்கின் ரீனா பக்லியும் பிரீஜ் கோர்கரியும் கால்பந்திலும் பெண்கள் ஹர்லிங்கான கமோகியிலும் சேர்த்து ஆளுக்குப் பதினெட்டு அகில அயர்லாந்துப் பதக்கம் பெற்றார்கள். பக்லி 2012இல் கால்பந்து அணிக்கும் 2017இல் கமோகி அணிக்கும் தலைமை ஏற்று இரண்டிலும் கோப்பை வாங்கினார்.

இந்தியாவில் இந்த வரிசையில் அடுத்து நிற்பவர் வங்காளத்தின் சுனி கோஸ்வாமி. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கால்பந்து அணியின் தலைவர். இருபத்தேழு வயதுக்குள் பன்னாட்டுக் கால்பந்தை நிறுத்திக்கொண்டு கிரிக்கெட்டில் முழுதாக இறங்கினார். 1966இல் இந்தூரில் வெஸ்ட் இண்டீஸை ஒரு கூட்டு மண்டல அணி இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றபோது அவர் எடுத்தது எட்டு விக்கெட். 1971–72இல் ரஞ்சி இறுதி ஆட்டத்தில் வங்காளத்தின் தலைவர். அவர் பன்னாட்டுக் கால்பந்தை முடித்துவிட்டே கிரிக்கெட்டின் பெரிய ஆட்டங்களுக்குப் போனார். கோபாலனைப் போல இரண்டிலும் நாட்டுக்காக ஆடவில்லை. பெண்களில் ஷிரின் கியாஷ் கிரிக்கெட், ஹாக்கி, கூடைப்பந்து மூன்றிலும் இந்தியாவுக்காக ஆடியவர். அவர் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேதனையான கேள்வி. ஆஸ்திரேலியாவின் எல்லிஸ் பெர்ரி 2007இல் பதினாறு வயதில் கிரிக்கெட், கால்பந்து இரண்டிலும் நாட்டுக்காக இறங்கினார். 2011 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஸ்வீடனுக்கு எதிராகக் கோல் அடித்தார். அவரும் பின்னால் கிரிக்கெட்டோடு நிற்க வேண்டியதாயிற்று.

இனி நம் பக்கம் வரலாம். ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் திமிரி. இந்த வட்டாரத்துப் பையன்களைக் கவனித்தால் இரண்டு ஆட்டக்காரருக்குப் பஞ்சமே இல்லை. ஞாயிறு காலை டென்னிஸ் பந்துக் கிரிக்கெட், சாயங்காலம் வாலிபால், திருவிழாவென்றால் கபடி. டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் ஷிப்ட் போகிற அண்ணன்மாரும் வார விடுமுறையில் இவர்களோடு சேர்ந்துகொள்வார்கள். அரசுப் பள்ளியின் குறுவட்டப் போட்டிக்குப் பி.டி. வாத்தியார் ஆள் எடுக்கும்போது கபடி அணியின் ரைடரே தொடர் ஓட்டத்திலும் கடைசி ஆளாக நிற்பான். உயரமாக இருந்தால் வாலிபால் அணியிலும் அவனே. பள்ளி அளவில் இது கட்டாயமும்கூட, நன்றாக ஓடுகிறவர்கள் சிலரே என்பதால்.

பிரிவு அதற்கு மேல்தான் தொடங்குகிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் ஏழாம் வகுப்பிலிருந்தே சேரலாம். நல்ல சாப்பாடு, நல்ல பயிற்சி, சீருடை எல்லாம் கிடைக்கும். ஆனால் விண்ணப்பத்திலேயே எந்த ஆட்டம் என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிறகு வேலை. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் காமன்வெல்த் பளுதூக்குதலில் தங்கம் வென்றவர். அவரைப் போன்றவர்களுக்கு ரயில்வே பெரிய ஆதாரம். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பு ஆட்டம் ஆட்டமாகப் பிரித்தே இடங்களை அறிவிக்கிறது. பர்மா ஷெல்லில் கோபாலனுக்குக் கிடைத்த வேலை ஆளைப் பார்த்துக் கொடுத்தது; இன்றைய வேலை ஆட்டத்தைப் பார்த்துக் கொடுப்பது. ஆளைப் பார்த்துக் கொடுப்பதில் பாரபட்சத்துக்கு இடம் உண்டு, ஜான்ஸ்டன் கண்ணில் படாத எத்தனையோ கோபாலன்கள் அன்று மொறப்பாக்கங்களிலேயே தங்கிப்போயிருப்பார்கள். ஆகவே இன்றைய முறை பல வகையில் மேலானது. அதற்கு நாம் கொடுத்த விலை, பன்னிரண்டு வயதுப் பையனிடம் ஒரே ஆட்டத்தைக் கேட்பது.

அந்த வயதில் கேட்பது சீக்கிரம் என்பதுதான் கோபாலனும் ராமசாமியும் காட்டும் சான்று. ராமசாமியிடம் இருபது வயதில் ஒன்றை விடச் சொல்லியிருந்தால் ஓல்ட் டிராஃபோர்டின் அந்த நூறு ஓட்டங்கள் இல்லை. கோபாலன் பத்தொன்பதில் ஹாக்கியை விட்டிருந்தால் சென்னை அணிக்கு எத்தனை விக்கெட் கூடுதலாகக் கிடைத்திருக்குமோ தெரியாது. தியான் சந்துக்குப் பின்னால் நியூசிலாந்தில் நிற்க ஒரு சென்னைக்காரர் இருந்திருக்க மாட்டார்.

இருவரும் ஆட்டத்தை விட்ட பிறகும் மைதானத்தை விடவில்லை. இருவருமே இந்திய அணியின் தேர்வாளர்களாக இருந்தார்கள். ராமசாமி 1952–53இல் வெஸ்ட் இண்டீஸுக்கு முதன்முதலாகப் போன இந்திய அணியின் மேலாளர். 1966இல் 'ராம்ப்ளிங்ஸ் ஆஃப் எ கேம்ஸ் அடிக்ட்' என்ற தன்வரலாற்றை வெளியிட்டார். 1985 அக்டோபர் 15 காலை அடையாறு வீட்டிலிருந்து வெளியே போனவர் திரும்பவில்லை. அப்போது அவருக்கு 89 வயது. கோபாலன் 2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் காலமானார். அன்று உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் மூத்தவர் அவரே.

கோபாலன் பெயரில் 1952–53இல் ஒரு கோப்பை தொடங்கியது: சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே. 1970களின் நடுப்பகுதிவரை அது பெரும்பாலும் ஆண்டுதோறும் நடந்தது. 1982இல் முதல் டெஸ்ட் ஆடும்வரை இலங்கைக்கு முதல்தரக் கிரிக்கெட் ஆட வாய்ப்புகள் குறைவு. அந்த வறண்ட காலத்தில் அவர்களுக்கு ஒழுங்காகக் கிடைத்த சோதனைக்களம் கோபாலன் கோப்பைதான். ஹாக்கியில் அவர் பெயரில் இவ்வளவு அறியப்பட்ட ஒரு போட்டி அமையவில்லை.

அயர்லாந்தில் இப்போது ஆண்கள் ஆட்டங்களை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம், பெண்கள் கால்பந்துச் சங்கம், கமோகிச் சங்கம் மூன்றையும் 2027க்குள் ஒன்றாக இணைக்கும் வேலை நடக்கிறது. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்து இரண்டு ஆட்டக்காரப் பெண்களைத் திணறவைக்கும் அட்டவணையைச் சரிசெய்ய அது உதவும் என்று அங்கே எதிர்பார்க்கிறார்கள். திமிரி போன்ற ஊர்ப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் கேட்கத் தக்கது இவ்வளவுதான்: விளையாட்டு விடுதியில் பத்தாம் வகுப்புவரை இரண்டு ஆட்டத்தைப் பதிவு செய்ய ஒரு கட்டம் விண்ணப்பத்தில் இருக்கட்டும், மாவட்டப் போட்டிகளின் தேதிகளைச் சங்கங்கள் கலந்து பேசி, கபடியும் வாலிபாலும் ஒரே சனிக்கிழமையில் விழாமல் போடட்டும்.